ஐந்தாவது டிஸ்க்குக்கு நல்ல நேரம்

கம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் நோயாளி வாயே திறக்கமாட்டார். கூட வந்தவர்கள்தான் பேசுவார்கள். மட்டக்களப்பில் பல வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். நீங்களும் இதே பாவத்தைச் செய்து பிழைப்பவராக இருந்தால், ஒரு ஸ்டுடியோவுக்கு டிஸ்க் கூட்டப்போய் நான் பட்ட பாடு உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

எதை அழிப்பது?

தேவண்ணன் கிரான் கிராமத்தில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்து, டவுனில் ஸ்டுடியோ நடத்துகிறவர். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியம், கோயில் சடங்கு என்று எடுத்த எந்த வீடியோவையும் அவர் அழித்ததில்லை. எல்லாம் ஒரே மெஷினுக்குள் நான்கு டிஸ்க்கில் கிடந்தன. அந்த நான்கும் ஒரே பெரிய டிஸ்க் போல நடக்கும்படி மென்பொருளால் கட்டிவைத்தவன் நான்தான். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் அதன் பங்கைக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு.

இடம் முடிந்துவிட்டது, ஐந்தாவது டிஸ்க் போடவேண்டும் என்று கூப்பிட்டார். "பழைய கலியாணங்கள அழியுங்களன் அண்ண, இனி ஆர் வந்து கேக்கப்போறாங்க?" என்றேன். அவர் மௌஸைப் பிடித்து, பட்டியலில் என்னுடைய கலியாணத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சரி தம்பி, உங்கடதில இருந்து தொடங்குவமா?"

வீட்டுக் கொப்பி

அழிக்கிற பேச்சை நான் அத்தோடு விட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் கலியாண வீடியோவின் பிரதி ஒன்று பென் டிரைவில் வீட்டில் இருந்தது. போன வருடம் அவசரத்துக்கு அதையே எடுத்துப்போய், ஒருவருடைய லப்டொப்புக்கு விண்டோஸ் போடுவதற்காகத் துடைத்து அழித்துவிட்டேன். மனைவி மாலாவிடம் சொல்லவில்லை.

வெறும் கலியாணமாக இருந்தால் சமாளித்திருப்பேன். மாலாவின் அப்பா அவள் கையைப் பிடித்து என் கையில் தருகிற காட்சி அதில்தான் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. கனடாவில் இருக்கிற அவளுடைய தங்கை எங்கள் கலியாணத்துக்கும் வரவில்லை, அப்பாவின் செத்தவீட்டுக்கும் வரமுடியவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், அக்காவோடு இருந்து அப்பாவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். "பென் எங்க?" என்று மாலா கேட்டதும், ஸ்டுடியோவில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு அளப்பு அளந்தேன்.

"அப்ப கவலையில்ல. நீங்கதானே அங்க வேல பாக்கிற."

பன்னிரண்டுக்கு ராகுகாலம்

எந்த வேலையும் தொடங்கமுன் கொப்பி எடு. இதை நான் ஊருக்கெல்லாம் ஓதியிருக்கிறேன். புதன்கிழமை என் கலியாணத்தை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று புதுப் பென் ஒன்றைச் செருகப்போனேன். தேவண்ணன் கலண்டரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்குமுன் புது டிஸ்க் உள்ளே போகவேண்டும் என்றார். மணி பதினொன்று ஐம்பது. கற்பூரம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

கொப்பி இல்லாமல் தொடங்கினால் பிழையாகிவிடும் என்று முனகிப் பார்த்தேன், எடுபடவில்லை. டிஸ்க்கைப் போட்டு, நான்கில் இருப்பதை ஐந்துக்கும் பிரித்து அடுக்கச்சொல்லிக் கட்டளை கொடுத்தேன். தேவண்ணன் திருப்தியாகக் கற்பூரத்தை அணைத்தார்.

"கொப்பிய மறுகா எடுக்கலாம் தம்பி. நேரத்த மறுகா எடுக்க ஒண்ணா."

முப்பத்தேழு வீதம்

வியாழக்கிழமை அடுக்கல் முப்பத்தேழு வீதத்தில் போய்க் குந்திவிட்டது. பழைய டிஸ்க் ஒன்று வாசிக்கமுடியாமல் திணறுகிறது என்று மெஷின் எழுதிவைத்திருந்தது. அந்த டிஸ்க்கின் தொடர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். நான்கிலும் வயது கூடியது அதுதான் என்பதையும் பார்த்தேன். இடையில் என் கலியாணத்தைக் கொப்பி எடுக்க முயன்றேன். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் கால் வைத்ததோடு அதுவும் நின்றுவிட்டது. பிறகு வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், நிமிடத்துக்கு ஒருமுறை வீதத்தைப் பார்த்தேன்.

மகளின் சாமத்திய வீடியோ வாங்கச் செட்டிபாளையத்திலிருந்து வந்த மீனவர் ஒருவர், அரை மணித்தியாலமாக என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன்.

"வலையப் போட்டாப் பேசாம இரிக்கணும் தம்பி. நீங்க போட்ட கையோட இழுத்து இழுத்துப் பாக்கிறீங்க."

மூத்தவர்

வெள்ளிக்கிழமை காலை மெஷின் முழுதாக உறைந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டால் எழும்பவே மறுத்தது. நோயாளியைக் கழற்றிவிட்டால் மற்ற நான்கும் சமாளித்து ஓடும். மாறி நல்லதொன்றைக் கழற்றினால் இரண்டு செத்த கணக்குத்தான். இலக்கம் கையில் இருக்கிறது, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருப்பதோடு ஒப்பிட்டால் போதும் என்று மூடியைத் திறந்தேன். பழைய நான்கில் ஒன்றிலும் இலக்கம் இல்லை. ஸ்டுடியோவில் எடிட்டிங் செய்கிற ரஜனி ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் மூடியைக் கழற்றி, போன வருடத்துச் சந்தனத்தை ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்து, புதுச் சந்தனம் வைத்து வந்திருக்கிறாள். எழுத்தெல்லாம் சந்தனத்தோடு போய்விட்டது.

மாமனார் அந்த நான்குக்குள் துண்டு துண்டாக இருக்கிறார், நான் எதைத் தொடுவது? ரஜனியை ஏசத்தான் வாயெடுத்தேன். ஏசி என்ன வரப்போகிறது என்று, இதில் எது முதல் வாங்கினது என்றாவது தெரியுமா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை, மேலிருந்து மூன்றாவதைக் காட்டினாள். அதில் மட்டும் பொட்டுக்கு மேலே மூன்று வெள்ளைக் குறி இருந்தது. குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு அதைக் கழற்றினேன். மெஷின் எழும்பி, விட்ட இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியது. நான் ரஜனியைக் கும்பிட்டேன், அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"மூத்தவருக்கு விபூதி, மத்தவங்களுக்குப் பொட்டு மட்டும். நான் மரியாத பாத்துத்தான் வச்சிரிக்கன்."

வரம்பு

சனி மத்தியானம் நூறு வீதம். முதல் வேலையாக என் கலியாணத்தைப் பென்னில் ஏற்றி, சேர்ட் பையில் போட்டுப் பொத்தானையும் பூட்டினேன். திரும்பினால் தேவண்ணன் முகம் கறுத்து நிற்கிறார். நான்கு நாள் பாடுபட்டும் இடம் ஒரு துளிகூடக் கூடவில்லை. டிஸ்க்குகளைக் கூட்டினால் மட்டும் போதாது, வீடியோக்கள் இருக்கிற பகுதியையும் தனியாக ஒரு கட்டளை கொடுத்து நீட்டவேண்டும். பென் கிடைத்த சந்தோசத்தில் அதை மறந்துவிட்டேன். விளக்கம் சொல்லத் தொடங்கி நானே சிக்கிக்கொண்டு நிற்கையில், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விளங்குது. பக்கத்து வயலயும் வாங்கியாச்சு, நடு வரம்ப வெட்டல்ல. வெட்டுங்க."

ஞாயிறு

அப்பா கையைப் பிடித்துத் தருகிற இடம் வந்ததும், மாலாவின் தங்கை கதிரையை விட்டு இறங்கி டீவிக்குக் கிட்டப்போய் நிலத்தில் இருந்தாள். அதைத் திரும்பத் திரும்ப மூன்று தரம் போடச்சொன்னாள். எனக்கும் கண் கலங்கியது. எல்லாம் முடிந்தபிறகு மனம் கேட்காமல், பென்னை அழித்ததையும் நான்கு நாள் பட்டதையும் மாலாவிடம் ஒப்புக்கொண்டேன்.

அவள் அறைக்குள் போய், அலுமாரியில் கூறைச்சாரி மடிப்புக்குள்ளிருந்து இரண்டு பென்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். இரண்டிலும் எங்கள் கலியாணம். கம்பியூட்டர்காரரைக் கட்டினவள் ஒரு கொப்பியோடு இருப்பாளா என்று, கலியாணம் முடிந்த மாதமே எடுத்து வைத்தாளாம். பென் காணாமல் போன அன்றே அவளுக்கு விஷயம் விளங்கியிருக்கிறது. "அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க எப்ப சொல்லுவீங்க எண்டு பாத்தன். மெஷினுக்கு நாலு நாள், உங்களுக்கு ஒரு வருசம்."

ஆகவே, என்னோடு சேர்ந்து பாடுபடுகிறவர்களே, வாடிக்கையாளருக்கு இரண்டு கொப்பி எடுத்துக் கொடுங்கள், வீட்டுக்காரிக்கு உண்மையின் கொப்பி ஒன்றையாவது அன்றன்றே கொடுத்துவிடுங்கள்.