படம் முடிந்த பிறகு கேட்ட குரல்

அலுவலகத்தில் அவளுக்கு ஓட்டைக்காரி என்று பெயர். கணினியில் வீடியோ ஓட்டுகிற மென்பொருள் ஒன்றைச் செய்யும் நிறுவனம் அது. அதில் எங்கே ஓட்டை இருக்கிறது, எவன் எந்த வழியாக உள்ளே நுழைவான் என்று தேடுவதுதான் அவள் வேலை. உடைந்த வீடியோ, பாதி வீடியோ என்று கண்டதையும் ஊட்டி, அது வாந்தியெடுக்கிறதா என்று பார்ப்பாள். வீட்டுக் கணினியிலும் அதையே போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கணினி மாமியாருக்குத்தான் பயன்பட்டது. விபத்தில் போய்விட்ட மகன், அவள் கணவன், கடைசியாக அனுப்பிய குரல் பதிவைக் காலையில் எழுந்ததும் போட்டுக் கேட்பார். "அம்மா, நான் வர லேட்டாகும். நீ சாப்பிட்டுப் படு." அடுத்து, மகள் தன் புது வீட்டைச் சுற்றிக் காட்டி அனுப்பிய வீடியோ. அது பாதி இறங்கி நின்றுபோனது.

ஒருநாள் மருமகளும் பக்கத்தில் நிற்கையில் அந்த வீடியோவில் சமையலறை வந்து திரை கறுத்ததும், கறுப்புக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. "...வர லேட்டாகும்."

மருமகள் இரண்டடி பின்னால் போனாள். மாமியார் அசையவில்லை.

"தினமும் சொல்றான்மா. தங்கச்சி வீட்டுக்கும் போயிருக்கான் பாரு. லேட்டாகும்னுதானே சொல்றான்? வரமாட்டேன்னு சொல்லலையே."

பேயுமில்லை, பிசாசுமில்லை. பாதி வீடியோ தன்னை முழு நீளம் என்கிறது. மென்பொருள் அதை நம்பி, முடிந்த பிறகும் படித்துக்கொண்டே போய், நினைவகத்தில் மிச்சம் கிடந்த பழைய ஒலியையும் எடுத்து விடுகிறது. இதே ஓட்டை வழியாக ஊரார் கணினியில் கிடக்கும் ரகசியத்தையெல்லாம் எவனும் வழித்தெடுத்துப் போகலாம். அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும்.

"அத்தை, அது அவர் இல்ல. சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை."

"உனக்கு எல்லாத்துலயும் ஓட்டைதான் தெரியும்" என்று மாமியார் அவள் வாயை அடைத்துவிட்டார்.

அலுவலகத்தில் இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று தள்ளிப்போட்டாள். உண்மையில் அவளுக்கும் ஆசை. குரல் பதிவில் இருப்பவன் போய்ச் சேர்ந்தவன். கறுப்புத் திரையிலிருந்து பேசுகிறவன் இன்னும் எங்கோ இருக்கிறவன். காலையில் அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் தன்னையறியாமல் "சரி, வாங்க" என்று பதில் சொல்லிவிட்டாள். அன்றைக்கே அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

ஓட்டையை அடைத்த புதுப் பதிப்பு வந்தது. வீட்டுக் கணினியில் அவளே தன் கையால் ஏற்றினாள்.

மறுநாள் சமையலறை வந்தது, திரை கறுத்தது. மாமியார் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார். மறுபடி போட்டார். சத்தமே இல்லை.

மெல்ல மருமகள் பக்கம் திரும்பினார்.

"நேத்து வரைக்கும் பேசினானே. நீ அவன்கிட்ட என்னம்மா சொன்னே?"