பெயர் வைத்த அன்று தடிமன்

மகளுக்கு முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க இருந்தோம். அதற்கு ஐந்து நாள் முன்னால் எனக்குத் தடிமன் பிடித்தது. எங்கள் குடும்ப வழக்கப்படி தகப்பன்தான் பிள்ளையின் காதோடு வாய் வைத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். மூக்கு ஒழுகிக்கொண்டு எந்தக் காதில் வாயை வைப்பது?

இந்தத் தடிமனை எனக்குத் தந்தவர் நான் வேலை செய்யும் பண்டாரவளை மரக்கறிக் கடை முதலாளி. கைக்குள் தும்மிவிட்டு அதே கையால் பிளேன்டீயை நீட்டுவார். நல்ல மனிதர், மறுக்க முடியவில்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"தடிமன் உள்ள ஆளு பிள்ளகிட்ட வரப்படாதுன்னு மிட்வைஃப் சொல்லியிருக்காங்க. மாஸ்க்கப் போட்டுக்கிட்டு எங்கண்ணன் வீட்டுல படுங்க."

அவள் அண்ணனுக்குத் தொற்றினால் பரவாயில்லை போலும். அந்த மச்சான் பக்கத்து வீடுதான். "கவலப்படாதீங்க மாப்ள, தாய்மாமன் நான் இருக்கேன்ல. பேர நான் சொல்லிர்றேன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது மாதம் மண்டையை உடைத்துப் பெயர் தேடியவன் நான்.

அந்த ஐந்து நாளும் நான் இருந்த ஒழுக்கத்தை என் பள்ளிக்கூட வாத்தியார்கள் பார்த்திருக்க வேண்டும். சவக்காரம் போட்டுக் கை கழுவினேன். தும்மல் வந்தால் முழங்கையை மடக்கி அதற்குள் தும்மினேன். சுடுதண்ணீர் குடித்து நேரத்துக்குத் தூங்கினேன். தடிமன் குறைந்தது, போகவில்லை. மருந்து குடித்தால் ஒரு வாரம், குடிக்காவிட்டால் ஏழு நாள் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

பெயர் வைக்கிற அன்று காலை மச்சான் வெள்ளை வேட்டியோடு வந்து நின்றான். நின்றவன் தும்மினான், அடுத்தடுத்து மூன்று தடவை. என் சந்தோஷத்தை மறைக்க மாஸ்க் உதவியது.

"ரெண்டு பேரும் வெளியவே நில்லுங்க" என்றாள் மனைவி. கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "போன் எடுங்க. நான் பிள்ள காதுகிட்ட வைக்கிறேன்."

வாசலில் நின்றே அழைத்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். சொந்தபந்தமெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு நான் சொன்னேன்: "ஹலோ."

உள்ளே எழுந்த சிரிப்பில் நான் பிறகு சொன்ன பெயர் யார் காதிலும் விழவில்லை. இன்றும் லயத்தில் அவள் ஹலோ பாப்பாதான்.

பெயர் வைத்து நாலு நாளில் மூக்கு முற்றாகக் காய்ந்தது. கையைக் கழுவிக்கொண்டு போய் மகளைக் கையில் வாங்கினேன். அவ்வளவு லேசாக இருந்தாள். காதோடு வாய் வைத்துப் பெயரைச் சொன்னேன். அவள் முழித்துப் பார்த்தாள். திரும்பச் சொன்னேன். மற்றக் காதிலும் சொன்னேன்.

"போதுங்க" என்றாள் மனைவி, "அவளுக்கு மனப்பாடமாயிருச்சு."