சீல் அக்காவும் ஒரு வினைச்சொல்லும்

முத்திரையைக் கையில் எடுத்ததும் அதன் ரப்பர் முகத்தில் 'ஹா' என்று ஒரு மூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் மைப்பெட்டி, அதற்கும் பிறகுதான் காகிதம். மூச்சுப் படாத முத்திரை அரை வட்டமாகத்தான் விழும் என்பது அவருடைய இருபத்தாறு வருட அனுபவம். அடையாள அட்டையில் 'இரண்டாம் செயலாளர், தூதரகம்' என்று போட்டிருக்கிறது. வாசலில் வரிசை கட்டும் கொத்தனாருக்கும் வெல்டருக்கும் வீட்டுவேலைப் பெண்களுக்கும் அவர் சீல் அக்கா. "சீல் அக்கா வந்தாச்சா?" என்று காவலாளியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் டோக்கனே எடுப்பார்கள்.

ராஜதந்திரி என்றால் கோட்டும் டையுமாக, சிரிப்பில் பாதியை உதட்டிலும் மீதியைச் சட்டைப் பையிலும் வைத்திருக்கிற ஒருவர் நம் நினைவுக்கு வருவார். அப்படிப்பட்டவர்களும் அந்தக் கட்டடத்தில் உண்டு. அவர்கள் மாடியில் இருக்கிறார்கள். கொடி கட்டிய கார் அவர்களைச் சேர்ந்தது. சீல் அக்கா பேருந்தில் வருவார். தோளில் தொங்கும் பையில் பசைக்குப்பி, குண்டூசி டப்பா, இரண்டு மூக்குக்கண்ணாடிகள். ஒன்று அவருக்கு, மற்றது விண்ணப்பம் நிரப்பக் கண்ணாடி கொண்டுவராமல் வந்து விழிப்பவர்களுக்கு. பொருந்துகிறதா என்று யாரும் கேட்பதில்லை. போட்டுக்கொண்டு எழுதிவிட்டுத் துடைத்துத் திருப்பித் தருவார்கள்.

கவுன்டர் கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு துளை இருக்கிறது. அதைப் போட்டவன் யாரை மனதில் வைத்துப் போட்டானோ, ஐந்தடி ஆள்கூட இடுப்பை வளைத்தால்தான் வாய் எட்டும். அக்கா மூன்று முறை எழுதிக் கேட்டார். மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. நான்காம் முறை எழுதவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணாடிக்கு வெளியே போய், வரிசைக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து வருடமாக அங்கேதான் காலை நேர வேலை. கேட்டால், "குனிஞ்சு பேசுறவன் சொல்ல வந்ததுல பாதிய முழுங்கிடுவான். எனக்கு முழுசா வேணும்" என்பார்.

வீட்டுக்காரர் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மனைவிக்கு மாற்றல் வந்தபோது வேலையை விட்டுக் கூடவே வந்துவிட்டார். அதிகாரிகளின் துணைவியர் சங்கத்தில் அவர் ஒருவர்தான் மீசை வைத்த உறுப்பினர். பூ அடுக்கும் போட்டியில் போன வருடம் இரண்டாம் பரிசு வாங்கினார், நடுவர் சரியில்லை என்று இன்னும் குறைப்படுகிறார். தேசிய தின விருந்துகளில் பழரசக் கோப்பையோடு நின்று மற்ற நாட்டுக்காரர்களிடம் வானிலை பேசுவதெல்லாம் அவர் பொறுப்பு. அக்கா இருபது நிமிடம் நிற்பார், கும்பிடு போடுவார், கிளம்பிவிடுவார். வீட்டில் ராஜதந்திரி யார் என்பதில் அவர்களுக்குள் சண்டையே கிடையாது.

வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர் இந்த உத்தியோகத்தில் எப்படி இத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்று மாடியில் ஆச்சரியப்படுவதுண்டு. அதனால்தான் இரண்டாம் செயலாளராகவே தாக்குப்பிடிக்கிறார். பதவியில் அவருக்கு மூத்தவர்களெல்லாம் வயதில் இளையவர்கள். தூதரே எட்டு வயது சின்னவர். இந்த வருடம் முதல் செயலாளர் பட்டியலில் அக்காவின் பெயர் இருக்கிறது என்று பேச்சு. இந்த மாதம் தூதர் எழுதும் அறிக்கையைப் பொறுத்து அது நிற்கும், அல்லது விழும்.

அக்காவுக்கு ஒரு கர்வம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் போகும் தமிழ்க் கடிதம் எதுவும் அவர் கண்ணில் படாமல் போகாது; பட்டால் ஒற்றுப்பிழைகூடத் தப்பாது. தட்டச்சு செய்யும் எழுத்தரை அவர் அழ வைத்த நாட்கள் உண்டு. "நம்ம காகிதம் ஒரு வீட்டுக்குள்ள போகுது சார். செருப்ப கழட்டிட்டுப் போற மாதிரி இருக்கணும்" என்று அவருக்குப் பாடம் எடுப்பார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சறுக்கிய கதை இது. வீட்டுவேலைக்கு வந்த பெண் ஒருத்தி. புருஷன் இறந்து இரண்டு வருடம், ஒன்பது வயது மகளை மாமனார் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். வேலை பார்த்த வீட்டில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள், கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு விடியற்காலை குப்பை கொட்டப் போகிறவள்போலக் குப்பைப் பையோடு வாசலைத் தாண்டினாள். தொட்டி வந்தது, தாண்டினாள். தெருமுனை வந்தது, அதையும் தாண்டினாள். பதினோரு கிலோமீட்டர் நடந்து தூதரகத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது குப்பைப் பை அப்போதும் கையில் இருந்தது. கட்டடத்தின் பின்கட்டில் இப்படி வந்த பெண்களுக்கென்று இரண்டு அறைகள் ஒதுக்கியிருக்கிறது. அங்கே பாய் விரித்துக் கொடுத்தவர் சீல் அக்காதான்.

முதலாளி சும்மா இருப்பாரா? போலீசில் புகார் கொடுத்தார். புகாரின் நகல் பத்து நாள் கழித்துத் தூதரகத்துக்கு வந்தது, நேரே எழுத்தரின் மேசைக்குப் போனது. அந்த நாட்டுச் சட்டத்தில், சொல்லாமல் வேலையை விட்டுப் போனவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. ஊரில் உள்ள குடும்பத்துக்குத் தெரிவிக்க, அதற்கு இணையான தமிழ் வாக்கியம் எழுத்தரின் கணினியில் பல வருடமாகத் தயாராக இருக்கிறது: 'மேற்படி நபர் ஓடிப்போய்விட்டார் எனத் தெரிவித்துக்கொள்கிறோம்.' இதுவரை அந்த வாக்கியம் கொத்தனார்களையும் ஓட்டுநர்களையும் பற்றித்தான் போயிருக்கிறது. ஆம்பளை ஓடிப்போனால் வேலையை விட்டு ஓடினான் என்று அர்த்தம். பெண் ஓடிப்போனாள் என்றால் நம் ஊரில் அடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து ஊரிலிருந்து அமைச்சர் வருகிறார். கையில் பூங்கொத்தோடு விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, நீட்டிய நாற்பது காகிதத்தில் நின்றவாக்கில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். அதில் இதுவும் ஒன்று. யாரைக் காணவில்லை என்று அந்தக் கடிதம் சொன்னதோ, அவள் அந்த மேசைக்கு நாற்பது அடி பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி அவளுக்கு ஒரு வழியாகக் கிடைத்தது. வியாழக்கிழமையோடு காலாவதி. வியாழன் காலை விமானத்துக்கு டிக்கெட்டும் வந்தது. திங்களன்று அக்காவே அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அந்தப் பெண் கையை நீட்டவில்லை. ஊருக்கு அவள் பேசியிருக்கிறாள். நான் பத்திரமாகத் தூதரகத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மாமனார் நம்பவில்லை. நீ ஆயிரம் சொல்லு, சர்க்கார் காகிதம் பொய் சொல்லுமா, யாரோடு போனாயோ அவனோடேயே இரு, பேத்தியைப் பார்க்க இந்த வாசல்படி மிதிக்காதே என்று வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இப்போது 'ஓடிப்போனவ பொண்ணு' என்று பெயராம்.

"அந்த வார்த்தைய எடுங்க மேடம். அப்புறம் குடுங்க டிக்கெட்டு" என்றாள் அவள். வியாழன் தாண்டினால் பிடித்துக் காவலில் வைப்பார்கள், வெளியே வர மாதக்கணக்காகும் என்று அக்கா எடுத்துச் சொன்னார். அவள் அசையவில்லை. "வைக்கட்டும். பூட்டின வீட்டுல இருந்து பழகினவதானே நான். எம்பொண்ணப் பாக்க விடமாட்டேன்னு சொல்ற ஊருக்குப் போயி என்ன பண்ண?" என்றவள் சற்று நிறுத்திச் சொன்னாள். "நான் ஓடவே இல்ல மேடம். ஓடினா புடிச்சிருப்பாங்க. அதனாலதான் நடந்தேன்."

அக்கா கடிதத்தின் நகலைத் தேடி எடுத்தார். அடியில் இருந்தது அவருடைய கையெழுத்து, அதன்மேல் அவர் மூச்சு விட்டுக் குத்திய முழு வட்டம். எழுத்தரைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று அறையே காத்திருந்தது. திட்டவில்லை. அன்று மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை புதுக் கடிதத்தின் வரைவு மாடிக்குப் போனது. தூதர் கெட்டவர் அல்லர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், அவ்வளவுதான். அந்தத் தொழிலுக்கு அது தகுதியும்கூட. 'தவறு' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பிழை ஏற்பட்டிருக்கலாம்' என்று எழுதிக் கீழே அனுப்பினார். அக்கா 'இருக்கலாம்'-ஐ அடித்து மேலே அனுப்பினார். 'முந்தைய கடிதம் ரத்து செய்யப்படுகிறது' என்ற ஒற்றை வரியோடு கோப்பு மறுபடி இறங்கியது. அக்கா அதையும் அடித்தார். மூன்றாம் முறை கோப்பின் ஓரத்தில் 'பேசவும்' என்று மட்டும் எழுதியிருந்தது. அக்கா மாடிப்படி ஏறினார்.

தூதரகம் தவறு செய்தது என்று எழுத்தில் போகக் கூடாது, நாளைக்கு அதையே காட்டி எவனாவது வழக்குப் போடுவான் என்றார் தூதர். ரத்து என்று சொன்னால் பிரச்சினை தீர்ந்ததல்லவா என்றும் கேட்டார்.

"தீராது சார். ஏன் ரத்து பண்ணாங்க, என்னத்த மறைக்கிறாங்கன்னு ஊரு இன்னொரு கதை கட்டும்" என்றார் அக்கா. "தூதரகம் தப்புப் பண்ணுச்சுன்னு எழுத வேணாம். பண்ணது நான். படிக்காம கையெழுத்துப் போட்டது நான். அதை அப்படியே எழுதுறேன்."

தூதர் கோப்பை மூடி வைத்தார். அறிக்கை எழுதும் மாதம் இது என்பதை நயமாக ஞாபகப்படுத்தினார். அவர் மிரட்டவில்லை, உண்மையிலேயே அக்கறையோடுதான் சொன்னார். அது இன்னும் சங்கடமாக இருந்தது. அக்கா எழுந்துகொண்டார். "முதல் செயலாளர் ஆகலேன்னா நான் இரண்டாம் செயலாளர் சார். அந்தப் பொண்ணு அம்மாவா இல்லேன்னா வேற என்ன?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தார்.

புதன்கிழமை காலை கடிதத்தை எழுத்தரிடம் கொடுக்காமல் தானே தட்டச்சு செய்தார், ஒற்றை விரலில், முக்கால் மணி நேரம். தூதரகத் தாளில் கையெழுத்து விழும் இடத்துக்குக் கீழே 'தூதருக்காக' என்று அச்சிட்டே இருக்கும். அதன்மேல் அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே தன் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு மூலத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அவள் உதடு அசையப் படித்தாள், படித்துவிட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். இன்னொன்று தபாலில் போய்ச் சேரப் பதினைந்து நாளாகும். அதுவரை அந்த வாசல்படி காத்திருக்குமா? அக்கா மாமனாருக்குத் தொலைபேசியைப் போட்டார், அந்தப் பெண்ணை எதிரே உட்கார வைத்துக்கொண்டு.

"ஐயா, உங்களுக்கு முன்னாடி ஒரு காகிதம் வந்துச்சுல்ல, அதுல கையெழுத்துப் போட்டவ பேசுறேன்" என்று தொடங்கிக் கடிதத்தைப் படித்தார். உங்கள் மருமகள் ஓடிப்போகவில்லை. பூட்டிய வீட்டிலிருந்து தனியாக வெளியேறி, பதினோரு கிலோமீட்டர் நடந்து, தன் நாட்டுத் தூதரகத்தின் வாசலுக்கு வந்தார். அன்று முதல் இன்று வரை எங்கள் பாதுகாப்பில், எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறார். அவர் ஓடிப்போனதாக எழுதியது தவறு. படிக்காமல் கையெழுத்திட்டவள் நான். தவறு என்னுடையது.

மறுமுனையிலிருந்து கிழவரின் குரல் கரகரத்து வந்தது. "கொஞ்சம் இருங்கம்மா" என்றார். செருப்புச் சத்தம், கதவு திறக்கும் சத்தம், யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். பாப்பா, இங்க வா என்ற குரலும் கேட்டது. அந்தப் பெண் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பல பேர் வந்து கூடும் முணுமுணுப்பு கேட்டு, மெல்ல அடங்கியது.

"இப்ப படிங்கம்மா" என்றார் கிழவர். "தெருவே நிக்குது. பேசினவங்க எல்லாரையும் கூப்பிட்டுட்டேன். சத்தமா படிங்க."

மாடியிலிருந்து இறங்கிய தூதர் அந்நேரம் பார்த்து அறை வாசலில் வந்து நின்றார். நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது. 'தவறு' என்று வரும் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சீல் அக்கா அவரைப் பார்த்தார். எதிரே இருந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கடைசிப் பத்தியிலிருந்தே படிக்க ஆரம்பித்தார்.