அண்ணி சொன்ன தெருப் பெயர்

வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தில் இரண்டே சொற்கள்: ஜாலான் துத்துப். மலாயில் தெரு அடைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஈப்போவில் என் அண்ணி வீட்டுக்குப் பின்னால் கோழிக் கூண்டுக்கு மூடியாகப் பல வருஷம் கிடந்தது அந்தப் பலகை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணியோ அதன்மேல் கறிவேப்பிலையைப் பரப்பி நிதானமாக உலர்த்திக்கொண்டிருப்பார்.

சுங்கை சிப்புட் பக்கம் அப்பா பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றபோது, எழுபதுகளின் தொடக்கத்தில், மூட்டை முடிச்சோடு ஈப்போவுக்கு வந்தோம். அண்ணன் பிடித்த வீடு பெரிய திடலை ஒட்டிய தெருவில் இருந்தது. வாடகை மலிவு. ஏன் மலிவு என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. ஊரில் யாருக்கு எந்தக் கொண்டாட்டம் வந்தாலும் அடைபடுவது எங்கள் தெருதான். அணிவகுப்பு என்றால் அடைப்பு, அணிவகுப்புக்கு ஒத்திகை என்றாலும் அடைப்பு. சைக்கிள் பந்தயம், பொருட்காட்சி, யாரோ பெரிய மனிதர் வந்து கையசைத்துவிட்டுப் போவது, எல்லாவற்றுக்கும் அடைப்பு. தெருவுக்கு வாய் ஒன்றுதான். மறுமுனை பெரிய கால்வாயில் போய் நின்றுவிடும். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? தோன்றாது. காலையில் கதவைத் திறந்தால் தெருமுனையில் பலகை நிற்கும், அவ்வளவுதான்.

அண்ணன் லோரி டிரைவர். லோரி உள்ளே மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. அதனால் நாங்கள் சகுனம் பார்க்கக் கற்றுக்கொண்டோம். திடலில் புல் வெட்டினால் சந்தேகம். சாலையோரக் கல்லுக்குக் கறுப்பு வெள்ளைச் சாயம் அடித்தால் நிச்சயம். அன்றைக்குச் சாயங்காலமே லோரியைப் பெரிய ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார் அண்ணன். சில சமயம் புல்லை வெட்டாமலேயே அடைத்துவிடுவார்கள். அப்போது அவர் வாயிலிருந்து வருவதை எழுத முடியாது. எங்கள் கோயில் தேர் வருவதற்காக அடைத்தால் மட்டும் எங்களுக்குக் கோபம் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எதிர்வீட்டுச் சீன அம்மாவின் முறை. சன்னலை அவர் சாத்துகிற சத்தம் மேளத்தையும் தாண்டிக் கேட்கும்.

இந்தத் தெருவுக்குத்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தார் அண்ணி. பினாங்கில் கப்பல் இறங்கியபோது அவருக்கு ஒரு வார்த்தை மலாய் தெரியாது. ஆனால் எட்டாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி வாசிப்பார். இங்கே தெருப் பெயர்களெல்லாம் ஜாலான் என்றுதான் தொடங்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்து, எங்கள் தெருவின் பெயரையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தோம். முதல் முறையாகத் தனியாகப் பசாருக்குப் போனவர் திரும்பி வந்தபோது, தெருப் பெயர்ப் பலகையை ஏதோ விழாத் துணி மறைத்திருந்தது. அதற்கு முன்னால் ஜாலான் துத்துப் நின்றது. கூட்டி வாசித்தார். ஓகோ, இது வேறு தெரு என்று நடையைக் கட்டிவிட்டார். கெம்போங் மீனைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் சுற்றிச் சுற்றி, அதே பலகைக்கு முன்னால் மறுபடி மறுபடி வந்து நின்றவரைச் சீன அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

“இந்த ஊர்ல எத்தன துத்துப் தெருதாங்க இருக்கு?” என்று அழுகிற குரலில் கேட்டார் அண்ணி. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முதல் அவர் வாயில் எங்கள் வீடு இருந்தது துத்துப் ரோட்டில். லோரி கூட்டாளிகளும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். நாளடைவில் அண்ணியும் சிரித்துக்கொண்டே அதையே சொன்னார்.

அண்ணியிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. இங்கே வாழலாம், ஆனால் குடிமகள் இல்லை. வெளிநாடு போனால் திரும்பி வரத் தனி அனுமதி வாங்க வேண்டும். போனவளைத் திரும்ப விடாமல் நிறுத்திவிட்டால் பிள்ளைகளின் கதி என்ன என்கிற பயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஊரில் அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தார். குடிமக்களுக்குத் தரும் நீல ஐசி கைக்கு வந்த மறுவாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடின. எண்பதுகளில் ஒருவழியாகக் குடியுரிமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மலாயில் கேட்பார்கள், மலாயில் பதில் சொல்ல வேண்டும். சோறு போடும்போதுகூட அண்ணன் அதிகாரி மாதிரி முறுக்கிக்கொண்டு, “திங்கால் டி மானா?” என்று கேட்பார். எங்கே குடியிருக்கிறாய் என்று அர்த்தம். அண்ணி கரண்டியோடு நின்று தெருவின் முழுப் பெயரையும் பிசகாமல் சொல்வார்.

நேர்முகத்தன்று காலையில் கதவைத் திறந்தால் பலகை நிற்கிறது. சைக்கிள் பந்தயமாம். புல்லும் வெட்டவில்லை, சாயமும் அடிக்கவில்லை. லோரி உள்ளே நின்றது. அண்ணன் தெருமுனைக்கு ஓடிப்போய், அங்கே நின்ற இளம் மாத்தாவிடம் மன்றாடினார். போலீஸ்காரர்களை அப்போது நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். அவன் பலகையைக் காட்டினான். அண்ணன் கத்தினார். அவன் மறுபடியும் பலகையைக் காட்டினான். பட்டுப்புடவையில் அண்ணி அந்தப் பலகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். சைக்கிள்கள் வந்தபாடில்லை. வெறும் ரோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கடக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

“நீ அண்ணியக் கூட்டிக்கிட்டு கால்வாய்ப் பக்கமா போலா! நான் இவன்கிட்ட பேசிப் பாக்குறேன்” என்றார் அண்ணன். கால்வாயின் குறுக்கே போட்டிருந்த மரப்பலகையில் ஏறி, புதருக்குள் புகுந்து, சேற்றில் கால் வைத்து, அடுத்த ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே டாக்சி வரவில்லை, எல்லா வண்டிகளையும் எங்கேயோ திருப்பிவிட்டிருந்தார்கள். பாதி தூரம் நடையும் மீதி தூரம் ஓட்டமுமாக அலுவலகத்தை அடைந்தபோது அண்ணியின் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி ஆளாக உள்ளே அனுப்ப வைத்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“திங்கால் டி மானா?”

அண்ணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “ஜாலான் துத்துப்” என்றார்.

அதிகாரி மறுபடி கேட்டார். தன் உச்சரிப்புதான் சரியில்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, அண்ணி முன்னைவிடச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி அதையே சொன்னார். உள்ளே ஒரு சிரிப்பு. பக்கத்து மேசையில் இன்னொரு சிரிப்பு. அந்த மனிதர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய் மலாய் படித்துக்கொண்டு இரு, மறுபடி கூப்பிடுவோம் என்று தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளே பாய்ந்து அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும்போல இருந்தது. அண்ணி வெளியே வந்து, “என்ன பாப்பா, தப்பா சொல்லிட்டனா?” என்று கேட்டபோது, குனிந்து அவர் புடவைக் கரையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டேன்.

சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது தடுப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு பலகை மட்டும் சாக்கடைக்குள் சாய்ந்து கிடந்தது. அண்ணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அதை வெளியே இழுத்தார், தரையில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டு வந்தார். “ஐயோ, மாத்தா வந்தா என்ன சொல்றது?” என்று பதறினார் அண்ணன். “துத்துப்னா மூடுறதுதான? கோழிக் கூண்ட மூடட்டும்” என்றார் அண்ணி.

மறுபடி கூப்பிடவே இல்லை. ஊரில் அவருடைய அம்மா போய்ச் சேர்ந்த செய்தி தந்தியில் வந்தது. அண்ணி போகவில்லை.

போன மாதம், இப்போது நான் குடியிருக்கும் பத்து காஜா ஊரிலிருந்து அண்ணியைப் பார்க்கக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணன் இறந்து சில வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அண்ணி மட்டும் அதே வீட்டில், அதே சிவப்பு ஐசியோடு. தெருமுனையில் ஒரே நிறச் சட்டை போட்ட பிள்ளைகள் காரை மறித்தார்கள். ஏதோ ஓட்டப் பந்தயமாம். என் வயதுக்குப் பொருந்தாத வார்த்தைகளை எல்லாம் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. காரை எங்கேயோ விட்டுவிட்டு, முட்டி வலியோடு நடந்து போய்ச் சேர்ந்தேன்.

கோழிகளும் இல்லை, கூண்டும் இல்லை. தண்ணீர்த் தொட்டிமேல் பலகை கிடந்தது. சிவப்பு வெளுத்துப்போயிருந்தாலும் எழுத்தை வாசிக்க முடிந்தது. அண்ணி அதன்மேலிருந்த கறிவேப்பிலையை முறத்தில் வாரிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கும் அடைச்சிட்டானுங்க அண்ணி! நாப்பது வருஷமாச்சு, இன்னும் இதே கத!” என்று நான் பொரிந்து தள்ளினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. ஈரக் கையால் அந்த எழுத்துகளைத் துடைத்தார்.

“அப்பறம் என்னலா பாப்பா? அன்னிக்கு அந்தாளு கேட்டதுக்கு நான் சரியாத்தான சொன்னேன்?”