காய்ச்சல் திரும்பி வந்ததைச் சொன்ன நாள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, எனக்குச் சரியாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது, நிறைய மறந்தும் போச்சு. சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லி பாஸ்டரம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிறத்தியார் முன்னால் ஒரே ஒரு தடவை வாய் திறந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வல்லம் வடகால் பக்கம் இருக்கிறோம். கம்பெனிகள் வந்தபோது வீட்டுக்குப் பின்னால் ரூம் கட்டி வாடகைக்கு விட்டோம். அதில் ஒரு ரூமில் செல்வராஜும் அவர் மனைவி ஜெயசீலியும் இருந்தார்கள். ராமநாதபுரம் கடலோரத்துக்காரர்கள். செல்வராஜுக்குக் கார் சீட் செய்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரே பிள்ளை, பெனிட்டா. நாலு வயசு. நான் துணி துவைக்க உட்கார்ந்தால் சோப்பு நுரையை எடுத்து மீசை வைத்துக்கொள்ளும்.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, மழை விட்ட சமயம். ஜெயசீலியின் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தார்கள். கொஞ்ச நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல். குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் மருந்து கொடுத்தார். மறுபடி காய்ச்சல் வந்தால் ரத்தம் பார்க்கணும், கட்டாயம் கூட்டி வா என்றாராம்.

சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் பிள்ளையை நடுவில் கிடத்தி, எல்லாரும் தலையில் கை வைத்து ஜெபித்தோம். ஜெபிக்கும்போதே அதற்கு வேர்த்துக் கொட்டியது. உடம்பு குளிர்ந்தது. எழுந்து பிஸ்கட் கேட்டது. மறுநாள் ஆராதனையில் ஜெயசீலி எழுந்து அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். சபை முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அந்தக் கைதட்டல்தான் பிற்பாடு அவள் வாயைக் கட்டிப்போட்டது.

காய்ச்சல் திரும்பி வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. செல்வராஜ் ஓ.டி. முடித்து வருவதற்குள் காய்ச்சல் இறங்கிப் பிள்ளை தூங்கியிருக்கும். அவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. நான் துவைக்கும்போது நுரை இருந்தும் பிள்ளை கிட்ட வரவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கையைப் பிடித்தேன். உள்ளங்கையில் ரத்தமே இல்லை.

"இன்னாம்மா, புள்ள இப்டி வெளுத்துப் போய்க்கீது" என்றேன்.

"சரியாச் சாப்பிட மாட்டேங்குது பெரியம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அலறல் கேட்டு ஓடினேன். பிள்ளை கை கால் விறைத்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. கண் மேலே சொருகிவிட்டது. இழுப்பு நின்ற பிறகும் கண் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினோம், காதில் கூப்பிட்டோம், கிள்ளியும் பார்த்தோம். ஒன்றுமில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்த மாதிரி வாங்கியது. செல்வராஜ் ஷிப்டில் இருந்தார். கம்பெனிக்கு ஆள் அனுப்பினோம். பாஸ்டரம்மாவும் சபைச் சகோதரிகள் சிலரும் வேன் பிடித்து வந்தார்கள். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வேனில் பின் சீட்டில் நானும் ஜெயசீலியும். முன்னால் எல்லாரும் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் காதோடு வாய் வைத்துச் சொன்னாள், சாட்சி சொன்ன பிறகும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போகிறது என்று. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீக பெரியம்மா. பொய்ச் சாட்சி சொன்னவன்னு பேராகிப் போகும்."

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பார்த்தார்கள். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று அங்கிருந்த டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காய்ச்சல் எப்போது வந்தது, முன்னாடி வந்ததா, வெளியூர் போனீர்களா என்று டாக்டரம்மா கேட்டார்கள். ஜெயசீலி, சுற்றி நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"நேத்துலருந்துதான்" என்றாள்.

பிள்ளையைக் காப்பாற்றும் என்று ஜெபிக்கக்கூட அப்போது வரவில்லை. ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும் என்று மட்டும் உள்ளுக்குள் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் சத்தம் எனக்கே கேட்டது.

"நேத்து இல்ல டாக்டரம்மா. ஊருக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து ஜொரம். வுட்டு வுட்டு வருது. ராமநாதபுரம் பக்கம், கடலோரம். மூத்திரம் கறுப்பாப் போவுது."

"பெரியம்மா" என்றாள் ஜெயசீலி. டாக்டரம்மா உடனே விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மலேரியா. அதிலும் பொல்லாத வகை.

ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணுக்களைக் கிருமி உடைத்துவிட்டதாம். அதனால்தான் அந்த வெளுப்பு. உடைந்ததுதான் மூத்திரத்தில் கறுப்பாகப் போகிறது. கிருமி புகுந்த அணுக்கள் மூளையில் இருக்கிற மயிர் போன்ற குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைத்திருக்கிறது, அதில்தான் நினைவு போச்சு என்றார்கள். சர்க்கரையும் அடியோடு இறங்கியிருந்ததாம். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது சீக்கிரம் முற்றிவிடும், இன்னும் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். சர்க்கரைத் தண்ணீரும் மலேரியா மருந்தும் நரம்பு வழியாக ஏற்றினார்கள். ரத்தம் வேண்டும் என்றார்கள். ஷிப்ட் முடிந்து செல்வராஜோடு ஒரே லைனில் வேலை செய்கிற பையன்கள் கம்பெனிச் சட்டையோடே வந்து கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வேறு சாமி கும்பிடுகிறவர்கள்.

வராந்தாவில் பாஸ்டரம்மா ஜெயசீலியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னாண்ட சொல்லக் கூடாதாடி?" என்று கேட்டார்கள்.

"எப்பிடிம்மா சொல்லுவேன். நீங்கள்லாம் கைதட்டுனீக."



பக்கத்துக் கட்டிலில் இதே காய்ச்சலோடு ஒரு பையன் கிடந்தான். அவன் தாயும் தலைமாட்டில் விபூதிப் பொட்டலம் வைத்துக்கொண்டு ஓயாமல் வேண்டினாள். அவன் பிழைக்கவில்லை. அவள் போகும்போது பெனிட்டாவின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். ஏன் இந்தப் பிள்ளை, ஏன் அந்தப் பிள்ளை இல்லை என்று ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதை விட்டுவிட்டு சாட்சி எழுத எனக்கு மனசு வரவில்லை.

பெனிட்டா கண் திறந்தது. முதலில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. பிறகு தண்ணி என்றது. வீட்டுக்கு வந்தும் நேராக நடக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியது. வலது கை வெகு காலம் சொன்னபடி கேட்கவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சொன்னது மனசில் ஏற மற்றப் பிள்ளைகளைவிட நேரமாகும்.

ஜெயசீலி என்னிடம் பேசவில்லை. ஒரே வாசலில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று அப்போது தெரிந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யில்ல. காய்ச்சல் நின்னுச்சு. திரும்பி வந்துச்சு. அதைச் சொல்ல வெக்கப்பட்டேன். பெரியம்மா சொன்னாக."

யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் எழுந்து முழங்கால் போட்டார். நாங்களும் போட்டோம். அதற்குப் பிறகு நம் சபையில் சுகமானதைச் சொல்கிறவர்கள் நோய் திரும்பி வந்தால் அதையும் எழுந்து சொல்கிறார்கள். அதற்கும் ஜெபம் பண்ணுகிறோம், கூடவே ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறோம்.

என் ஊமை வாயை ஒரு நாள் திறந்த தேவனுக்கு நன்றி. சகோதரிகளே, அவரை நம்புங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஜெபியுங்கள், ரத்தமும் பாருங்கள். திரும்பி வந்தால் மறைக்காதீர்கள். திரும்பி வந்ததை நாம் சொல்வதால் அவர் சிறியவராகிவிட மாட்டார்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதியிருக்கிறேன். வருஷமும் தப்பாக இருக்கலாம். அச்சில் போடுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்துவிடுங்கள். ஜெயசீலியிடமும் படித்துக் காட்டுங்கள், அவள் என்ன திருத்தினாலும் சரி. காய்ச்சல் திரும்பி வந்தது என்ற இடத்தை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம்.