செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிய மலை

"மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்று ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொன்ன புண்ணியவான் மச்சாளோடு மலையேறிப் பார்த்திருக்க மாட்டார். நான் ஏறியிருக்கிறேன்.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம், எங்கள் அப்பார்ட்மென்ற்றில் எங்களோடுதான் இருந்தார். ஒரே குசினி, ஒரே அடுப்பு, இரண்டு பெண்கள். தம்பிக்கு ஒரு ரீச்சரைப் பேசி வைத்திருந்தவருக்கு, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் வந்து வாய்த்தேன். வீட்டுக்கு வருகிற ஆட்களிடம், "உவளுக்கு வாய் மட்டும் பி.ஏ. பாஸ்" என்பார். எனக்கு விழுகிற அடி என்றாலும் நல்ல பேச்சை நான் மறப்பதில்லை. அதனால்தான் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவருடைய ஒரே மகன் அப்போது பாங்கொக்கில் இருந்தான். கனடாவுக்கு அனுப்புவதாகக் கூட்டிப்போன ஏஜென்ற் அவனை அங்கே ஒரு அறையில் இருத்திவிட்டு, "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்றே வாரங்களைக் கடத்திக்கொண்டிருந்தான். பொலிஸ் பிடித்தால் மறியல், கம்பிக்குப் பின்னால். அதற்குப் பிறகு திரும்பவும் கொழும்பு. மச்சாள் கந்தசஷ்டிக்கு நேர்த்தி வைத்தார். ஐந்து நாளும் இரவில் மட்டும் பாலும் பழமும். ஆறாம் நாள், சூரன்போர் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. விரதம் தவறினால் பிள்ளை வந்து சேரமாட்டான். இதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்தச் சஷ்டி நேரம் பார்த்துத்தான் அமெரிக்காவில், பாலைவன ஊரான பீனிக்ஸில் இருந்த அவர்களின் கடைசித் தம்பிக்குப் பிள்ளை பிறந்தது. மச்சாளுக்குப் போகவேண்டும், ஆனால் இங்கிலீஷ் வராது. என் கணவருக்கு ஃபக்ரறியில் லீவு இல்லை. பஸ்ஸிலும் ரிவியிலும் இங்கிலீஷ் பொறுக்கிய என்னைத் துணைக்கு ஏற்றிவிட்டார்கள். விமானத்தில் மச்சாள் யன்னலோடு மட்டும் கதைத்தபடி வந்தார்.

ஊருக்கு நடுவில் மலை நிற்கும் ஊர் அது. கூரைகளுக்குப் பின்னால், சுட்ட செங்கல் நிறத்தில், ஒரு மரம் இல்லாமல் நெட்டுக்குத்தாக எழும்பி நின்றது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். இங்கே தூரத்திலும் பச்சை இல்லை, கிட்டவும் பச்சை இல்லை. என் கண்ணுக்கு அது ஊர் முழுவதோடும் கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்ற ஒரு ஆள் மாதிரி இருந்தது.

அந்தக் கடைசித் தம்பிக்குத் தெரிய அங்கே கோயில் எதுவும் இல்லை. விரதத்தின் ஐந்தாம் நாள் மச்சாள் யன்னல் சீலையை விலக்கி மலையைப் பார்த்தார்.

"குன்றிருக்கிற இடமெல்லாம் குமரன் இருப்பான். நாளைக்கு உதிலை ஏறிக் கற்பூரம் கொளுத்தப் போறன்."

"அக்கா, உது கோயில் மலை இல்லை. சனம் எக்சர்சைசுக்கு ஏறுறது."

"சனம் எதுக்கும் ஏறட்டும். நான் எதுக்கு ஏறுறன் எண்டு அவனுக்குத் தெரியும்."

மறுநாள் காலை தம்பி எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானம் வந்து ஏற்றுவதாகச் சொன்னான். ரொறன்ரோவில் ஜக்கெற் போடுகிற நவம்பர். இங்கே காலை வெயிலே பிடரியில் அறைந்தது. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு அறிவித்தல் பலகை. மச்சாள் அதன் கீழே நின்று, கோயில் வாசலில் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றிச் சோடியாக வைத்தார்.

"மச்சாள், முழுக்கக் கல்லு. போட்டுக்கொண்டு வாங்கோ."

"செருப்போடை முருகனிட்டைப் போறதோ? நீ போட்டுக்கொண்டு வா. உனக்கென்ன, பாவமும் பழகிப்போச்சு." பிறகு என் கையைப் பார்த்தார். "போத்தல் வேறை. கோயிலுக்குத் தண்ணிப் போத்தலோடை வாற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

போத்தலை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன். எனக்கு விரதம் சரிவராது. ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் ஊரையே கடித்துவிடுவேன். ஒரு வெறுப்பு முன்னாலும் ஒரு வெறுப்பு பின்னாலுமாக ஏறினோம். அது பாதை என்று பெயருக்குத்தான். உடைந்த பாறைகளை யாரோ கோபத்தில் கொட்டிவிட்டதுபோல இருந்தது. சில இடங்களில் இரும்புக் கம்பி பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏறவேண்டும். ஓரங்களில் முள்ளுச் செடிகள். ஒன்றின் பக்கத்தால் போனபோது ஒரு முள்ளுருண்டை கழன்று மச்சாளின் சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டது. எடுக்கப்போன என் விரலில் ஏறியது. "தொடாதை!" என்றார். முள்ளிடமா என்னிடமா சொன்னார் என்று தெரியவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு தட்டையான பாறை. அதற்குமேல் அவரால் ஏற முடியவில்லை. ஆனால் முடியவில்லை என்று சொல்லவில்லை. "இவ்வளவு ஏறினதே காணும், அவனுக்குக் கண் தெரியும்" என்றார். முந்தானைக்குள் வைத்திருந்த கற்பூரத்தை எடுத்துக் கொளுத்தினார். இரண்டு குச்சி காற்றில் அணைந்து, மூன்றாவது பிடித்தது. கண்ணை மூடிக் கைகூப்பினார். மகனின் பெயரை அவர் வாய் சத்தமில்லாமல் சொன்னது.

மேலிருந்து ஓடிவந்த ஒரு வெள்ளைக்கார மனிதன், "நெருப்பா? இங்கேயா? பைத்தியமா உங்களுக்கு?" என்று இங்கிலீஷில் கத்தி, சப்பாத்துக் காலால் கற்பூரத்தை மிதித்து நூர்த்தான். அவன் பக்கம் நியாயம் இருந்தது, எல்லாம் காய்ந்த பற்றை. நான் சொரி சொன்னேன். மச்சாள் கண்ணைத் திறந்து அவனை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார்.

"பார், சூரனே வந்து நிக்கிறான். காலுறையோடை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவன் போன பிறகும் கருகிய கற்பூரத்தைப் பார்த்தபடி அந்த வெயிலில் அப்படியே இருந்தார். "மச்சாள், இறங்குவம்" என்றேன் ஒருமுறை. இன்னொருமுறை. "நீ போ" என்றார். எழும்பியபோது வெயில் உச்சியை நெருங்கிவிட்டது, பாறைகள் சுடத் தொடங்கியிருந்தன.

ஏறும்போது இல்லாத சூடு இறங்கும்போது இருந்தது. மச்சாள் ஒரு காலை வைத்ததும் மற்றக் காலைத் தூக்கினார். என் சப்பாத்தைக் கழற்றி நீட்டினேன்; பார்க்காத மாதிரித் தாண்டிப் போனார். பாதி வழியில், நிழல் என்று சொல்ல ஒரு முழ அகலம் இருந்த பாறையோரம் குந்தினார். முகம் சிவந்திருந்தது, ஆனால் வேர்வை இல்லை. காலையில் நனைந்திருந்த பிளவுஸ்கூடக் காய்ந்துபோயிருந்தது. "அடுப்பை நூத்தனியோ?" என்று என்னைக் கேட்டார். எந்த அடுப்பு என்றேன். "குசினி அடுப்பு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

நாயோடு ஏறிவந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் நின்றாள். மச்சாளின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, உடனே தண்ணீர் கொடு என்றாள். பிறகுதான் காலைக் கண்டாள். சப்பாத்து எங்கே? கீழே, என்றேன். ஏன்? இது எங்களுக்குக் கோயில், என்றேன். அவள் பாவம், கோயில் எங்கே என்று சுற்றிவரப் பார்த்தாள்.

போத்தலை மச்சாளின் வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தாடையைப் பிடித்து ஊற்றினேன். ஊற்றியது முழுவதையும் என் முகத்தில் துப்பினார்.

"என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியோடி?"

"நீங்கள் செத்தா அவன் ஆரிட்டை வாறது?"

"நான் சாகிறன். அவன் வரட்டும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் குந்தினேன். முந்தின நாள் இரவு தம்பி வீட்டிலிருந்து பாங்கொக்குக்குப் போன் எடுத்தது ஞாபகம் வந்தது. போன் கார்ட் நம்பரை அழுத்திக் கொடுப்பது எப்போதும் என் வேலை.

"மச்சாள், நேற்று இரவு மகன் போனிலை என்ன சொன்னவன்?"

முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

"'அம்மா, இஞ்சை விடிஞ்சு கனநேரம், இஞ்சை இண்டைக்குச் சூரன்போர்' எண்டு சொன்னவனோ இல்லையோ?"

"சொன்னவன்."

"நேற்று எங்களுக்கு இரவாயிருக்கேக்கை அவனுக்குச் சூரன்போர் எண்டா, இப்ப அவனுக்கு என்ன? சூரன் செத்து, சனம் வீட்டை போய், அவன் நித்திரை. அங்கை ஏழாம் நாள் பிறந்திட்டுது."

மச்சாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சாமிக்கு ரைம் மாறுமோடி?"

"சாமிக்கு மாறாது. எங்களுக்குத்தான் மாறினது. நீங்கள் ஆருக்காக நேந்தனீங்கள்? உங்களுக்கோ, அவனுக்கோ?"

"அவனுக்குத்தான்."

"அப்ப அவன்ரை நேரந்தானே கணக்கு."

வெள்ளைக்காரப் பெண் எங்கள் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சாளின் உதடு அசைந்தது. கணக்குப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு சொன்னார்:

"உதை ஏன் காலமையே சொல்லேல்லை?"

"இப்பத்தானே மண்டையிலை வந்தது."

"மண்டை! உன்ரை மண்டைக்கு எல்லாம் பிந்தித்தான் வரும். கொண்டா இஞ்சை."

போத்தலை என் கையிலிருந்து பறித்தார். முதல் மிடறுக்கு முன் கிழக்கா மேற்கா என்று தெரியாமல் ஒரு பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு குடித்தார். நிறுத்தி நிறுத்திக் குடிக்கச் சொன்னேன், அதற்கும் பேச்சு விழுந்தது. அந்தப் பெண் பையிலிருந்து தடித்த காலுறை ஒரு சோடி எடுத்துத் தந்தாள். ஏச்சு வாங்கியபடியே மச்சாளின் காலில் போட்டுவிட்டேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவள், முன்னால் நாய். இப்படித்தான் இறங்கினோம். பலகைக்குக் கீழே செருப்பு வைத்தபடியே இருந்தது. வீங்கிய கால்தான் அதற்குள் போகவில்லை.

உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு மச்சாள் இல்லை என்று அர்த்தம். ரொறன்ரோவுக்குத் திரும்பிய கிழமையே கோயிலடியில் கதை பரவியது: "தம்பி பெண்சாதி கணக்குச் சொல்லி என்ரை விரதத்தை முறிச்சுப்போட்டாள்." ஏஜென்ற் இன்னும் "அடுத்த கிழமை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொருமுறை பாங்கொக்குக்கு எடுத்துப் போனை வைக்கும்போதும் மச்சாள் என்னை ஒரு பார்வை பார்ப்பார். என் கணவர் நடுவில் நின்று, "இரண்டு பேரும் உயிரோடை வந்தனீங்கள், அது காணாதோ?" என்பார். காணாது. கொஞ்ச நாளில், ரூஜ் பக்கம் தெரிந்த ஒருவரின் பேஸ்மென்ற்றுக்கு மச்சாள் மாறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அடுத்த சஷ்டி வந்தது. மகன் அப்போதும் அதே அறையில்தான். ஆறாம் நாள் பின்னேரம், கோயிலில் சூரன்போருக்கு இன்னும் நேரம் இருக்கும்போது, எங்கள் வீட்டுப் போன் அடித்தது.

"நான்தான்," என்றது மச்சாளின் குரல். தொண்டை வறண்டு கரகரத்தது. "பாங்கொக்கிலை இப்ப என்ன?"

விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். "ஏழாம் நாள் பிறந்திட்டுது மச்சாள். இன்னும் கொஞ்சத்தாலை விடியப்போகுது."

"வடிவாய்ப் பாத்துச் சொல்லு."

"வடிவாய்ப் பாத்துத்தான் சொல்லுறன்."

போனுக்குள் பைப் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுந்தது. குடிக்கும் சத்தமும் கேட்டது, நிறுத்தி நிறுத்தி. பிறகு போனை வைத்துவிட்டார்.

மகன் அடுத்த பனிக்காலம் முடிய வந்து சேர்ந்தான். விமான நிலையத்துக்கு மச்சாள் என்னைக் கூப்பிடவில்லை.