பாதிப் பந்தியில் எழுந்தவன்

நாங்கள் உள்ளே நுழைந்ததும் சில வீடுகளில் முதல் வேலையாக ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள். கயல், முகிலா, சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய் ஏர்கான் கழுவுவது அப்பாவின் வேலை என்று உங்கள் இருவருக்கும் தெரியும். ஏர்கானை நிறுத்தப்போகிறோம், காற்றுக்காகத் திறக்கிறார்கள் என்றுதான் வந்த புதிதில் நினைத்தேன். ஒருநாள் அளவு பார்க்க மட்டும் போயிருந்தோம். ஏர்கான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் அந்த வீட்டு அம்மாள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அன்றிலிருந்து, எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும், காலிங்பெல்லை அழுத்துவதற்கு முன்னால் என் சட்டையை நானே மோந்து பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு சீனப் பெரியவர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே தரையில் வைத்தார். உள்ளே நின்று குடிக்கக்கூடாது போலிருக்கிறது என்று எனக்கு முகம் சுண்டிப்போனது. "நோ நீட், அங்கிள்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போது அவருடைய மகள் சொல்லித்தான் தெரிந்தது. அது வெளியே வெக்கையில் நின்று வேலை பார்த்த என் கூட்டாளிக்காக வைத்த தண்ணீராம். எனக்கென்று மேஜைமேல் தனியாக வைத்திருந்திருக்கிறார். யார் மதிக்கிறார்கள், யார் ஒதுக்குகிறார்கள் என்று பிரித்துப் பார்க்கவே தெரியாமல் போய்விடுவது இந்தப் பிழைப்பில் வருகிற வியாதி.

கயல், போன வாரம் போனில் நீ கேட்டாய், "அத்தை ஏம்ப்பா நம்ம வூட்டுக்கு வர்றதே இல்ல?" என்று. நான் சிக்னல் சரியில்லை என்று பேச்சை மாற்றிவிட்டேன். அத்தைக்குக் கோபம் உங்கள்மேல் இல்லை, என்மேல்தான். எனக்கு அவள் ஒரே தங்கை. லீவில் வந்திருந்தபோது செட்டிகுளத்தில் நடந்ததால் அந்த உறவு அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஊரில் யாராவது ஏதாவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது நல்லது. நம் பக்கத்திலிருந்து வந்து இங்கே கிடக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

அன்றைக்கு அத்தை மகனுக்கு மலைமேல் முருகன் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் என் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். கீழே மண்டபத்தில் சாப்பாடு. முதல் பந்தியில் தாய்மாமன் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டு இலையை மூடினால்தான் விசேஷம் குறையில்லாமல் முடிந்தது என்று நம்மில் பேசிக்கொள்வார்கள். அவன் பாதியில் எழுந்தால், இந்த வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்று சபையில் சொன்னதற்குச் சமம். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

எனக்குப் பக்கத்து இலையில் ராஜவேலு உட்கார்ந்திருந்தார். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றி இறக்க ஆள் விடுகிறவர். அத்தை வீட்டுக்காரர், உங்கள் மாமாவின் லாரிக்கு லோடு கிடைப்பதும் கிடைக்காததும் அவர் வாயில் இருக்கிறது. தன்னிடம் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களில் நாலைந்து பேரைப் பந்தி வேலைக்கு அவரே அனுப்பியிருந்தார். அதில் ஒருவர் சுரேந்திரா. என் வயதுதான் இருக்கும், முன்தலை நரைத்திருந்தது. அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு எங்கள் இலைக்கு வந்தார்.

"ஏய் வடக்கா, தள்ளி நின்னு ஊத்து. உன் நாத்தம் சாம்பாரத் தாண்டி வருது" என்றார் ராஜவேலு. வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது. என் பக்கம் திரும்பி, "ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு கெடப்பானுங்க, சிங்கப்பூராரே. மாட்டக் கட்டுனாக்கூட எடம் விட்டுத்தான் கட்டுவோம். இவனுங்களுக்கு அதுகூட வேணாம்" என்றார்.

இங்கே டாமெட்ரி என்கிற தொழிலாளர் விடுதியில் என் அறையில் நாங்கள் பன்னிரண்டு பேர். இரண்டடுக்குக் கட்டில், எனக்கு மேல்தட்டு. அண்ணன் அங்கே பிளாட்டில் இருக்கிறான் என்று உங்கள் அத்தை புகுந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் அவள் பெருமை போகும், மாமாவின் லோடும் போகலாம். ரசம் வரும்வரை சும்மாதான் இருந்தேன். அப்புறம் முடியவில்லை.

"நானும் அங்க பன்னெண்டு பேரோடதாங்க கெடக்கேன். என்னையும் தள்ளித்தான் நிக்கச் சொல்றாங்க" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. என் தோளைத் தட்டினார். "அட, நீங்க நம்ம புள்ள. உங்களச் சொல்லுவனா? நீங்க வேற, இவனுங்க வேற." பிறகு சுரேந்திராவைப் பார்த்து, "டேய், அண்ணன நல்லா கவனி. உன் ரூமுக்காரராம்ல" என்றார். பந்தியே சிரித்தது. முகிலா, எதிர் வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். வாயில் அப்பளத்தை வைத்துக்கொண்டு நீயும் சிரித்தாய்.

அப்போதுதான் எழுந்தேன். ராஜவேலு பேசியதற்காக எழுந்தேன் என்று ஊர் நினைக்கிறது. அது இல்லை. உன்மேல் தப்பும் இல்லை, எல்லாரும் சிரிக்கும்போது சிறுபிள்ளைக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் நான் உட்கார்ந்தே இருந்திருந்தால், அது சிரிக்க வேண்டிய பேச்சுதான் என்று என் பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுத்தது மாதிரி ஆகியிருக்கும்.

உங்கள் மாமா ஓடிவந்தார். "மச்சான், உக்காருங்க. கெஞ்சிக் கேக்குறேன், பந்தியில எந்திரிக்காதீங்க" என்று கையைப் பிடித்தார். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யாதவர். அத்தை தூணுக்குப் பக்கத்தில் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, உன் ரோஷத்தக் காட்ட என் பந்திதான் கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். நான் அவளைத் தாண்டிக் கை கழுவப் போனேன்.

கை கழுவும் இடத்தில் சுரேந்திரா எச்சில் இலைகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். என் இலை மேலாகக் கிடந்தது, ரசத்துக்கு வைத்த சோறு அப்படியே. அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று மனசுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இங்கே டாமெட்ரியில் கற்ற அரைகுறை இந்தியில் பெயரைக் கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு அவர் தமிழிலேயே பேசினார்.

"நீங்க ஏன் எழுந்துச்சு அண்ணா? சும்மா சாப்பிடு. விசேஷ வேலைன்னா எங்களுக்கும் நல்லா சாப்பாடு. இனிமே என்னை அனுப்ப மாட்டாரு."

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் யாருக்காகப் பேசினேனோ அவருக்கும் என்னால் நஷ்டம்தான்.

பேசியிருக்க வேண்டுமா என்று இந்த மேல்தட்டில் படுத்துக்கொண்டு பலதடவை யோசித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், பெரிய நியாயமெல்லாம் எனக்குத் தெரியாது. வடக்கு தெற்கு என்பது இப்போது வந்த பேச்சு. நம் ஊரிலேயே யாருக்கு எந்தப் பந்தி என்று பார்த்து உட்காரவைத்த காலத்தில் என் அப்பா கடைசிப் பந்திக்குக் காத்து நின்றிருக்கிறார். அதையும் சிரித்துக்கொண்டுதான் செய்தார்களாம். நீங்களும் நாளைக்கு ஒரு பந்தியில் உட்காருவீர்கள். எழுந்துவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, எழுந்தவன் கதி என்ன என்று பார்த்துவிட்டேன். சிரிக்காமலாவது இருங்கள். அதற்கும் விலை உண்டு, கொஞ்சம் குறைவு.

மாமாவுக்கு லோடு நிற்கவில்லை. அவர் ராஜவேலு வீட்டுக்கே போய், என் மச்சானுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லி சமாதானம் செய்தாராம். அந்தக் குடும்பம் பிழைக்க வேண்டும், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நேற்று அத்தை தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். காது குத்தின படம். மொட்டைத் தலையில் சந்தனம், வாயைப் பிளந்து அழுகிறான் பிள்ளை. படத்தின் மேல்பகுதியை வெட்டியிருந்தாள். என் முகம் இல்லை. மடியும், பிள்ளை திமிறாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் என் இரண்டு கைகளும் மட்டும் இருந்தன. அவற்றை வெட்டினால் பிள்ளையையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும். அந்தப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். விடிந்ததும் வேலைக்குப் போனேன். சிங்கப்பூருக்கும் என் கைகள் போதும்.